உச்சியை விட்டு இறங்கிய மந்தி

அல்லிக்குளத்துக் காட்டில் ஒரு மந்திக் கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு உச்சியன் என்ற கிழமந்திதான் வெகுகாலமாகக் காவல். காட்டிலேயே உயரமான இலுப்பை மரத்தின் நுனிக்கிளையில் அது உட்கார்ந்திருக்கும். தூரத்தில் சிறுத்தையின் வால் அசைந்தால் போதும், "கக்! கக்!" என்று கத்தும். அடுத்த கணமே கூட்டம் முழுவதும் மரத்தின் மேல் இருக்கும். ஏன், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

உச்சியனுக்கு வயதாயிற்று. கிட்டத்தில் இருப்பது நன்றாகத் தெரிந்தது. தூரத்துப் பாறையும் புதரும் பனி மூடியதுபோல் மங்கின. ஒருநாள் ஒரு கரையான் புற்றைப் பார்த்துச் சிறுத்தை என்று கத்திவிட்டது. கூட்டம் மரத்தில் ஏறியது. புற்று நகர்ந்தால்தானே கூட்டம் இறங்கும்! சாயங்காலம் வரை எல்லோரும் பட்டினி.

அன்றைக்கே உச்சியன் தானாக ஓய்வு கேட்டு வாங்கிக்கொண்டது. கூட்டம் விழா எடுத்தது. அத்திப்பழம் கொடுத்து ஆளுக்கு ஆள் புகழ்ந்தார்கள். செங்காயி என்ற கூர்மையான கண்ணுடைய பெண்மந்தி காவலுக்கு வந்தது.

மறுநாள் விடிந்ததும், பழக்கதோஷம், உச்சியன் நேராக நுனிக்கிளைக்கு ஏறிவிட்டது!

"வாங்க பெரியப்பா! எதையாவது மறந்து வச்சிட்டீங்களா?" என்றது செங்காயி.

"இல்லம்மா, சும்மா காத்து வாங்க வந்தேன்" என்று அசடு வழிய இறங்கியது உச்சியன்.

கீழே அதன் மனைவி மருதாயி சிரித்துக்கொண்டு நின்றது.

"என்னங்க, மரத்தடியில ஒரு குளம் இருக்கே, தெரியுமா?"

"தெரியாம என்ன? மேலேருந்து பார்த்தா ஈர இலை மாதிரி பளபளக்கும்."

"இலையா! கிட்ட வந்து பாருங்க!"

உச்சியன் கிட்டப் போய்ப் பார்த்தது. பார்த்தது பார்த்தபடி நின்றுவிட்டது. தையல்சிட்டு ஒன்று இரண்டு இலைகளை இழுத்து வைத்து, அலகால் துளை போட்டு, பஞ்சு நூலால் தைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒரு ஆண் தூக்கணாங்குருவி கூடு கட்டிவிட்டுச் சிறகடித்துக் கூப்பிட்டது. பெண்குருவி உள்ளே போய்ப் பார்த்தது. பிடிக்காமல் வெளியே வந்து பறந்துவிட்டது. ஆண்குருவி கூட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது!

"பாவம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தது உச்சியன்.

அன்று முதல் அதற்குப் பொழுது போதவில்லை. விடிந்ததும் குளக்கரைச் சேறுதான் முதல் வேலை. நம் வீட்டுப் பெரியவர்கள் காபியோடு செய்தித்தாளைப் பிரிப்பார்களே, அதுபோல இருவரும் சேற்றை வாசிப்பார்கள். இரவில் யார் யார் தண்ணீர் குடிக்க வந்தார்கள் என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். "முள்ளம்பன்றி வீட்டுல விருந்தாளி வந்திருக்காங்க போல. தடம் ஒண்ணு கூடுதலா இருக்கு!" என்று மருதாயி சொல்லும். பிறகு வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு குட்டித் தூக்கம். எப்போதாவது மேட்டுக்கு அந்தப்புறம் நாவல்மரத்துக்கு ஒரு சுற்றுலா. குளத்து ஆமையும் கூட வரும். அது மட்டும் முதல்நாளே கிளம்பிவிடும்.

உண்மையைச் சொன்னால், ஓய்வை இவ்வளவு அழகாக அனுபவித்த பிராணியை அந்தக் காடு கண்டதில்லை.

ஆனால் சிறுத்தைக்குத்தான் கெட்ட காலம். செங்காயியின் கண்ணில் மண்ணைத் தூவ முடியவில்லை. வயிறு ஒட்டிப்போய்க் கிடந்த சிறுத்தையிடம் நரி வந்தது.

"கிழவனையே மறுபடி மேலே ஏத்திடுறேன் ராசா! வேட்டையில மிச்சம் மீதி எனக்குக் கொடுத்தா போதும்" என்றது.

மூத்தவர் வந்து கேட்டால் இளையவர் மறுபேச்சில்லாமல் இடம் விட வேண்டும் என்பது மந்திகளின் வழக்கம். அதைத்தான் நரி பிடித்துக்கொண்டது.

மறுநாள் பகலில் உச்சியன் தனியாக இருந்தபோது நரி வந்து வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

"ஐயா! நீங்க இறங்கினதுலேருந்து காடே களையிழந்து போச்சு! உங்க குரல் எங்கே, அந்தப் பொண்ணு குரல் எங்கே!"

"எனக்குக் கண்ணு மங்கிடுச்சுப்பா."

"யாரு சொன்னது? காத்துல தூசி கூடிப்போச்சு ஐயா! உங்க கண்ணு மேல பழி போடலாமா? மத்தியான நேரம் மட்டும் நீங்க உட்காருங்க. சிங்கம் மாதிரி இருந்தவர் இப்படிச் சிட்டுக்குருவியை வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்தா, பார்க்கிற எனக்கே அழுகை வருது!"

உச்சியனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பொய் என்று தெரிந்தாலும் புகழ்ச்சி இனிக்கத்தானே செய்யும்! அதுவரை இன்பமாக இருந்த குளம் திடீரென்று அற்பமாகத் தோன்றியது. "நாளை மத்தியானம் ஏறிடுறேன்" என்றது.

மறுநாள் காலையில் செங்காயியிடம் இடம் கேட்கப் புறப்பட்டது. மருதாயி வழியை மறித்தது.

"தாழைக்கோழி குஞ்சு பொரிச்சிருக்கு. இன்னிக்குத்தான் முதல்முதலா தண்ணியில இறங்குது. பார்த்துட்டுப் போங்க!"

"ஒரு நிமிஷம்தான்" என்று போயிற்று உச்சியன். கறுப்புப் பஞ்சு உருண்டைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்து மிதந்தன. கடைசிக் குஞ்சு மட்டும் பயந்து கரையிலேயே நின்றது. தாய் கூப்பிட்டது. குஞ்சு சேற்றில் ஓடி வழுக்கி, தொப்பென்று உள்ளே விழுந்தது. உச்சியன் கைதட்டிச் சிரித்தது. சிரித்தபடியே குஞ்சு ஓடிய சேற்றைப் பார்த்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"மருதாயி! இது சிறுத்தைத் தடம். பக்கத்துல பாரு, நரி!"

மருதாயி குனிந்து பார்த்தது. "பயந்து ஓடின தடம் இல்லையே! ரெண்டும் சோடி போட்டு நடந்திருக்கு. அது நின்ன இடத்துல இதுவும் நின்னு பேசியிருக்கு. ரெண்டும் இலுப்பை மரத்தடி வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்திருக்கே!"

உச்சியனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நரி தன் குரலை விரும்பிக் கூப்பிடவில்லை. தன் மங்கிய கண்ணைத்தான் விரும்பியது. வெட்கத்தில் முகம் தொங்கியது. ஆனாலும் மனைவியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னது. பிறகு செங்காயியிடமும் சொன்னது. நரி நினைத்தபடியே நடப்பதாகக் காட்டி, சிறுத்தையை ஏமாற்றுவது என்று மூவரும் முடிவு செய்தார்கள்.

மத்தியானம் உச்சியன் எல்லோர் கண்ணிலும் படும்படி நுனிக்கிளையில் உட்கார்ந்தது. அதன் முதுகுக்குப் பின்னால், இலைக்கூட்டத்துக்குள் செங்காயி. கூட்டம் வழக்கம்போல மரத்தடியில் பழம் பொறுக்கியது.

"பெரியப்பா, காரைப் புதர் பக்கம் பாருங்க. சிறுத்தை வருது" என்று கிசுகிசுத்தது செங்காயி.

உச்சியன் கண்ணை இடுக்கிப் பார்த்தது. புதர் எது, பாறை எது என்றே தெரியவில்லை. எல்லாம் பனிமூட்டம். தான் மட்டும் இங்கே இருந்திருந்தால்! கீழே மருதாயி இருந்தது. கூட்டத்துக் குட்டிகள் எல்லாம் இருந்தன. 

"கக்! கக்!" என்று கத்தியது செங்காயி.

கூட்டம் ஒரே தாவலில் மரமேறியது. மயில்கள் அகவின. மான்கள் பாய்ந்து ஓடின. காடு முழுவதும் விழித்துக்கொண்டதும் சிறுத்தைக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"குருட்டுக் கிழவன்னு சொன்னியேடா!" என்று, மிச்சம் மீதிக்காகப் பின்னாலேயே வந்திருந்த நரியின் மேல் பாய்ந்தது. நரி வால் மயிரில் பாதியைப் பறிகொடுத்து ஓடியது. அதற்குப் பிறகு அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

கூட்டம் உச்சியனைச் சூழ்ந்துகொண்டது. "நீங்கதான் எங்களைக் காப்பாத்தினீங்க! இனிமே தினம் மேலே வந்து உட்காருங்க! சும்மா யோசனை சொன்னா போதும்!"

உச்சியன் தலையை ஆட்டியது. "பார்த்தது செங்காயி. கத்தினதும் செங்காயி. எனக்கு நாளைக்கு நேரமே இல்லப்பா! தாழைக்கோழிக் குஞ்சுக்கு நீச்சல் பாடம் இருக்கு. ஆமை வேற நாவல்மரத்துக்குக் கிளம்பிடுச்சு!"

சொல்லிவிட்டு, மருதாயி நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மரத்தை விட்டு இறங்கியது.

இறங்க வேண்டிய நேரத்தில் சந்தோஷமாக இறங்கத் தெரிந்தவருக்கு, உச்சியில் இருந்தபோது தெரியாததெல்லாம் தெரியும்.