கேசட்டுக்கு ஒரு கூடு

“அம்மிணி, அச்சு அசலா வருது. ஆனா உள்ள போக மாட்டேங்குது.”

செங்கோடன் கையிலிருந்த பிளாஸ்டிக் கூட்டை மேசைமேல் வைத்தார். பழைய வீடியோ கேம் கேசட்டின் மேல்கூடு அது. அவரே வார்த்தது.

ரெஜினா திரும்பிப் பார்க்கவில்லை. ரப்பர் அச்சிலிருந்து வேறொரு கூட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

கோயம்புத்தூர் கணபதியில் அவளுக்கு ஒரு தகர ஷெட். உடைந்துபோன கேசட்டுகளுக்குப் புதுக் கூடு வார்ப்பது அவள் தொழில். முகம் தெரியாத ஆட்கள் பார்சலில் அனுப்புவார்கள், அவள் கூடு போட்டுத் திருப்பி அனுப்புவாள். பேச்சு அதிகம் கிடையாது.

செங்கோடன் அவளைவிட இருபது வயது மூத்தவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முதல் நாள் வந்து நின்றபோதே சொல்லிவிட்டார்.

“நீ செஞ்சு குடுக்க வேண்டாம் அம்மிணி. எனக்குச் செய்யச் சொல்லிக் குடு.”

“எதுக்குங்ணா?”

“என் பையனோடது.”

பையன் பெயர் நவநீதன். ஐப்பசி மழையில் பைக்கில் போனான், எதிரே லாரி வந்தது. அதற்கு மேல் செங்கோடன் சொன்னதில்லை, ரெஜினாவும் கேட்டதில்லை.

அந்தக் கேசட் அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாங்கியது. வேலைக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமையானால் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவான். கடைசிக் கட்டத்தை மட்டும் ஆட மாட்டான். ஏன்டா என்று கேட்டால், “முடிச்சுட்டா அப்புறம் என்னப்பா இருக்குது?” என்பான்.

கேசட்டுக்குள்ளே ஒரு பச்சைப் பலகை. அதில் நாணயம் போல ஒரு சின்ன பேட்டரி. ஆட்டத்தை எந்த இடத்தில் விட்டானோ, அந்த இடத்தை அந்த பேட்டரிதான் மறக்காமல் வைத்திருக்கும். அதை நவநீதனே அப்பாவிடம் சொல்லியிருக்கிறான்.

வெளிக்கூட்டின் முதுகில் காம்பஸ் முனையால் அவன் கீறிய பெயர் இருந்தது. ‘ந’ மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

மகனின் அறையை ஒழித்த அன்று செங்கோடனின் கால் பட்டே கூடு உடைந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னார்.

முதல் நாளே ரெஜினா பலகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“கூடு இல்லாட்டியும் இது ஓடுமுங்ணா. டிவி அங்க இருக்குது. இப்பவே மாட்டிப் பாத்துரலாம். பேட்டரி ரொம்பப் பழசு.”

செங்கோடன் பலகையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

“வேண்டாமுங் அம்மிணி. துணியில்லாத புள்ளைய நாலு பேரு முன்னால நிறுத்துன மாதிரி இருக்குது. கூடு முடியட்டும். அப்புறம் பாக்கலாம்.”

ஒரு தடவை சொன்னதை மறுதடவை சொல்வது ரெஜினாவுக்குப் பழக்கமில்லை. அது நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

செங்கோடன் கற்றுக்கொண்டார். ரப்பர் கலக்கினார், ரெசின் ஊற்றினார். குமிழி விழுந்தது, ஓரம் பிசிறடித்தது. மனிதர் சளைக்கவில்லை. மழைக்காலம் போய்ப் பனி வந்தது, பனி போய் வெயில் வந்தது. பலகையைத் துணியில் சுற்றிச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

இன்று வார்த்த கூட்டில் ஒரு குமிழி இல்லை. பழைய சாம்பல் நிறம் அப்படியே. முதுகில் பெயர்கூட இருந்தது. பலகை மட்டும் உள்ளே போகவில்லை.

ரெஜினா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தாள். செங்கோடன் இதுவரை வார்த்த கூடுகள் அத்தனையும் அதில் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கினாள்.

“இன்னைக்கு ஊத்துனதுக்கு எதை வெச்சு அச்சு எடுத்தீங்க?”

“இதை வெச்சுத்தான்.” பக்கத்தில் இருந்ததைக் காட்டினார்.

“அதுக்கு?”

“அதுக்கு முந்தினதை வெச்சு.”

“பையனோட கூடு?”

செங்கோடன் பையிலிருந்து ஒரு வேட்டித் துண்டை எடுத்துப் பிரித்தார். பசை போட்டு ஒட்டிய பழைய கூடு.

“மொத தடவை அச்செடுத்தப்பவே ஓரம் உதிர்ந்து போச்சு அம்மிணி. மறுக்கா இதை ரப்பர்ல போட மனசு வரலீங்.”

ரெஜினா வரிசையின் முதல் கூட்டையும் கடைசிக் கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள்.

கடைசிக் கூடு குட்டையாக இருந்தது. ஒல்லியாகவும் இருந்தது. பெயரின் கோடுகள் மழுங்கி, சாய்ந்த ‘ந’ ஒரு பள்ளம் போலத் தெரிந்தது.

ரெசின் இறுகும்போது சுருங்கும். இந்தத் தொழிலுக்கு வரும் யாரும் முதலில் படிப்பது அதைத்தான். செங்கோடனும் படித்திருந்தார்.

“தடவைக்கு மயிரிழைதானேன்னு நெனச்சுட்டேன்” என்றார்.

ரெஜினா மேசையில் இடம் ஒதுக்கினாள்.

“இப்ப என்ன பண்றதுங் அம்மிணி?”

அளவுகோலை அவர் பக்கம் தள்ளினாள்.

“பலகையை அளங்க.”

அளந்தார். அவள் சொன்னபடி சுருக்கத்துக்குக் கொஞ்சம் கூட்டிவிட்டு, அக்ரிலிக் தகட்டில் மாதிரி செய்தார். அதை வைத்து அச்சு எடுத்தார். ஊற்றினார். இரண்டு பேரும் டீ குடித்தபடி அது இறுகக் காத்திருந்தார்கள்.

உரித்ததும் செங்கோடன் பலகையை உள்ளே வைத்து மூடினார். டக் என்று உட்கார்ந்தது. இத்தனை மாதம் கேட்க ஏங்கிய சத்தம் அது. ஆனால் அவர் முகம் மலரவில்லை. கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பேரு இல்லீங்களே.”

“அளந்தது பலகையத்தானுங்ணா.”

அவள் கேசட்டை வாங்கி, ஓரத்தில் கிடந்த பழைய கேம் பெட்டியில் செருகினாள். டிவியைப் போட்டாள். செங்கோடன் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கை தானாகக் கூப்பிக்கொண்டது.

பாட்டு வந்தது. நவநீதனின் அறையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்ட பாட்டு. செங்கோடன் கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டு நின்றதும் திறந்தார். ஆடுபவர் பெயரும் விட்ட இடமும் காட்டும் மூன்று கட்டங்கள் திரையில் இருந்தன. மூன்றும் காலி.

“அவன் எங்க அம்மிணி?”

ரெஜினா பெட்டியை அணைத்தாள். கூட்டைத் திறந்து பேட்டரியில் மீட்டர் முள்ளை வைத்துப் பார்த்தாள். இன்னொரு தடவையும் வைத்துப் பார்த்தாள்.

“இல்லீங்ணா. பேட்டரி தீந்து போச்சு.”

“எப்ப?”

“தெரியலீங்.”

“நான் மொத நாள் வந்தேனே... அன்னிக்கு இருந்திருக்குமா?”

பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

“இருந்திருக்கலாமுங்ணா” என்றாள்.

செங்கோடன் அழுதார். சாவு வீட்டில்கூட அழாமல் எல்லாரையும் தேற்றிய மனிதர், அந்தத் தகர ஷெட்டில் வாய்விட்டு அழுதார். வரிசையில் நின்ற கூடுகளைக் கையால் தள்ளினார். அவை தரையெல்லாம் சிதறின.

“கூட்டையே கட்டிக்கிட்டு அழுதேனே அம்மிணி. அவன் உள்ள இருந்தானே. சட்டைப் பையிலயே இருந்தானே.”

ரெஜினா தேற்றவில்லை. தோளில் கை வைக்கவில்லை. அவள் கண்ணும் கலங்கியிருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

அவர் அழுது ஓயும்வரை சும்மா நின்றாள். பிறகு சால்டரிங் அயர்னைச் சுட வைத்தாள். பழைய பேட்டரியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அந்த இடத்தில் புதியதை வைத்து ஈயம் வைத்தாள்.

“இனி எதுக்குங் இது?”

கூட்டை மூடித் திரும்பவும் பெட்டியில் செருகினாள். பாட்டு வந்தது. மூன்று காலிக் கட்டங்கள் வந்தன. அவள் ஒரு பொத்தானை அமுக்கினாள். ஆடுபவரின் பெயர் என்ன என்று திரை கேட்டது. கீழே ஆங்கில எழுத்துகள் வரிசையாக நின்றன.

ஜாய்ஸ்டிக்கை அவர் மடியில் வைத்தாள்.

செங்கோடன் இதுவரை அதைத் தொட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நவநீதன் எத்தனையோ தடவை நீட்டியிருக்கிறான். எனக்கு இதெல்லாம் வராதுடா என்று எழுந்து போய்விடுவார்.

அம்புக்குறியை நகர்த்த ஒரு வழியாகக் கற்றுக்கொண்டார். தட்டுத் தடுமாறி ‘என்’ எழுத்தின் மேல் நிறுத்தி அமுக்கினார். திரையில் அந்த எழுத்து விழுந்தது.

“அவன் பேரையே போட்டர்றேன் அம்மிணி. கூட்டுலதான் இல்ல. இங்கயாச்சும் இருக்கட்டும்.”

“ஆடப் போறது யாருங்ணா?”

செங்கோடனின் விரல் நின்றது. தரையில் கிடந்த கூடுகளைப் பார்த்தார். கையிலிருந்த பழைய பேட்டரியைப் பார்த்தார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு போட்ட எழுத்தை அழித்தார்.

“அம்மிணி, இதுல ‘எஸ்’ எங்க இருக்குது?”