பன்னிரண்டாவது கை

குருவுக்கு இருபத்தாறு வயது. சிஷ்யைக்கு முப்பத்து மூன்று. அதனால் குரு சிஷ்யையை "அக்கா" என்றும் "நீங்க" என்றும் கூப்பிட்டாள். சிஷ்யை குருவை "டீச்சர்" என்றாள். கோபம் வந்தால் "ஏட்டி" என்றாள்.

இருவரும் தேசிய மகளிர் கிரிக்கெட் அணியோடு கடல் தாண்டிக் குளிர் நாடு ஒன்றுக்கு வந்திருந்தார்கள். குருவின் பெயர் சங்கமித்ரா, தர்மபுரிக்காரி. அணியின் முதல் வேகப்பந்து வீச்சாளர். சிஷ்யை ஜெசிந்தா, குளச்சல்காரி. அவளும் பந்து வீசுகிறவள்தான். வேகம் போய்விட்டது. "போனால் போகிறது, பழைய பந்தைப் பேச வைக்கக் கற்றுக்கொள். மித்ராவிடம் கேள்" என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். தன்னைவிட ஏழு வயது இளையவள் முன்னால் போய் நிற்க ஜெசிந்தாவுக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் போய் நின்றாள்.

ஐந்து வாரப் பயணம். அதில் டெஸ்ட் ஒன்றே ஒன்று. இதே நாட்டுக்கு ஆண்கள் வந்தால் ஐந்து டெஸ்ட் ஆடுவார்கள், ஒவ்வொன்றும் ஐந்து நாள். பெண்களுக்கு ஒன்று, அதுவும் நான்கே நாள். அவர்களுடைய போன டெஸ்ட் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அடுத்தது எப்போது என்று யாராவது கேட்டால், பேராசை பிடித்தவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்ப்பார்கள். ஜெசிந்தா இதுவரை ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை. இதை விட்டால் அடுத்தது வரும்போது அவளுக்கு முப்பத்தாறு இருக்கும். முப்பத்தாறு வயதில் மிதவேகப் பந்து வீசுகிறவளை யார் கப்பலேற்றுவார்கள்?

முதல் பாடத்தன்று குரு பந்தைத் தரவில்லை.

"கையைக் காட்டுங்க அக்கா."

காட்டினாள். மித்ரா உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள். பிறகு குனிந்து முகர்ந்தாள்.

"என்னடி, மீன் வாடை அடிக்குதா?"

"இல்ல. சன் கிரீம் வாடை. கழுவிட்டு வாங்க."

அதுதான் மித்ராவின் வழக்கம். நாற்பது ஓவர் ஆன பந்தின் ஒரு பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைக்க வேண்டும். மறுபக்கம் ஈரம் படாமல் காய்ந்து சொரசொரவென்று கிடக்க வேண்டும். அப்படிக் காத்தால், வெயில் ஏறிய பிறகு பந்து காற்றில் வளையும். வேர்வையைத் தவிர வேறு எதைப் பூசினாலும் விதிப்படி குற்றம். அதனால் அணி மைதானத்துக்குள் இறங்கும் ஒவ்வொரு தடவையும் எல்லைக் கயிற்றருகே மித்ரா நின்றுகொள்வாள். ஒவ்வொருத்தியும் கையை நீட்ட வேண்டும். கேப்டன் தேவயானிகூட நீட்டுவாள். நாக்பூர்க்காரியான அவள் அதற்கு வைத்த பெயர் சுங்கச்சாவடி.

ஜெசிந்தா கற்றுக்கொண்டாள். நான்கு வாரம் வலைப்பயிற்சியில் போட்டதில் ஒருநாள் பந்து கடைசி நேரத்தில் உள்ளே வளைந்து ஸ்டம்ப்பைப் பெயர்த்தது. மித்ரா அந்தப் பந்தை எடுத்து வந்து ஜெசிந்தாவின் பையில் போட்டாள்.

டெஸ்ட் நாள் காலை. ஓய்வறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பதினொரு பெயர். அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே நான்கு பெயர். ஜெசிந்தா மேலிருந்து படித்துக்கொண்டே வந்தாள். கோட்டைத் தாண்டிய பிறகுதான் தன் பெயரைப் பார்த்தாள்.

காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்த மித்ராவிடம் போய் நின்றாள்.

"டீச்சர், ஒரு சந்தேகம். பதினஞ்சு பேரைக் கூட்டிட்டு வந்தாங்க. ஆடப்போறது பதினோரு பேர். மிச்சம் நாலு பேரு எதுக்கு வந்தோம்?"

மித்ரா பையிலிருந்து ஒரு பழைய பந்தை எடுத்தாள். பளபளப்பான பக்கத்தைக் காட்டினாள். திருப்பிச் சொரசொரப்பான பக்கத்தைக் காட்டினாள்.

"இந்தப் பக்கத்தை எல்லாரும் தேய்க்கறாங்க. இந்தப் பக்கத்தை யாரும் தொடறதில்ல. ஆனா இது இப்படிக் கிடக்கலைன்னா பந்து வளையாது அக்கா."

அழகான பதில்தான். வேறொரு சிஷ்யையாக இருந்தால் கண் கலங்கி, தலையாட்டிப் போயிருப்பாள். ஜெசிந்தா குளச்சல்காரி.

"ஏட்டி, கேக்க நல்லாத்தான் இருக்கு. பந்து தானாவா முடிவு பண்ணிச்சு, நான் இந்தப் பக்கம் சொரசொரன்னு கிடக்கேன்னு?"

மித்ரா பந்தைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் தேயணும், எந்தப் பக்கம் காயணும்னு யாரோ ஒருத்தர் முடிவு பண்றாங்க இல்லையா. அது யாரு?"

"தெரியல அக்கா."

"தெரிஞ்சா சொல்லு."

பத்து நிமிடம் கழித்து அணி இறங்கியது. கயிற்றருகே மித்ரா நின்றாள். மற்றப் பத்துப் பேரும் வரிசையாகக் கை நீட்டினார்கள். பதினொன்றாவதாக மித்ரா தன் கையையே முகர்ந்துகொண்டாள். ஒதுக்கப்பட்டவர்கள் போடும் மஞ்சள் மேலங்கியோடு, தண்ணீர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜெசிந்தா பின்னால் நின்றாள். அவளுக்கும் விளையாட்டுப் புத்தி. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

மித்ரா சிரித்தாள். "உங்களுக்கு எதுக்கு அக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெசிந்தாவும் சிரித்தாள். கையை மேலங்கிக்குள் விட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள். ஒரு கையால் தூக்கினால் அது கனக்கும்.

அடுத்த மூன்று நாளும் அவள் ஓடினாள். தண்ணீர் கொண்டு ஓடினாள், கையுறை கொண்டு ஓடினாள், வாழைப்பழம் கொண்டு ஓடினாள். "ஜெஸ்ஸி, நம்ம பயணத்துல அதிக ஓட்டம் ஓடினது நீதான்" என்றாள் தேவயானி. அது பாராட்டா கிண்டலா என்று கேட்க நேரமில்லை. யாரோ தொப்பி கேட்டார்கள்.

ஃபாலோ-ஆன் ஆகி அடுத்தடுத்து இரண்டு முறை மட்டை பிடிக்க நேர்ந்தும், நான்காம் நாள் ஆட்டம் இழுபறிக்கு வந்தது. எதிரணி ஜெயிக்க இன்னும் எண்பது ஓட்டம், கையில் நான்கு விக்கெட். மதிய இடைவேளையில் மட்டைக்கு அருகே ஷார்ட்-லெக்கில் குனிந்து நிற்கும் ரீமாவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பிசியோதெரபிஸ்ட் வேறொருத்தியின் தோளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா தன் பையிலிருந்து ஊர்த் தைலத்தை எடுத்து வந்து, தரையில் உட்கார்ந்து, ரீமாவின் காலை மடியில் போட்டு உருவினாள். நாற்பது நிமிடம். கை துடைக்கத் துண்டு தேடினாள். துண்டெல்லாம் ஆடுகிறவர்களுக்காக மடித்து அடுக்கியிருந்தது. தன் தொடையிலேயே துடைத்துக்கொண்டாள்.

மாலையில் இருபத்திரண்டு ஓட்டம், இரண்டு விக்கெட் என்று வந்து நின்றது. பந்து வளைய ஆரம்பித்திருந்தது. மித்ரா போட்ட ஒன்று மட்டையைத் தாண்டிப் பாம்புபோல உள்ளே போனது. அந்த நேரம் பார்த்து ரீமா நொண்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஜெஸ்ஸி, வா" என்று உள்ளிருந்து தேவயானி கத்தினாள்.

மேலங்கியைக் கழற்றி வீசிவிட்டு ஜெசிந்தா ஓடினாள். பதிலாள் ஃபீல்டிங் செய்யலாம், பந்து வீசக் கூடாது. பரவாயில்லை. கயிற்றைத் தாண்டும்போது அங்கே யாரும் நிற்கவில்லை. மித்ரா தூரத்தில் ஓடத் தயாராக இருந்தாள்.

மூன்றாவது பந்து ஜெசிந்தாவை நோக்கித்தான் வந்தது. அடி பலமான அடி. தரையில் உருண்டு வந்ததைப் பாய்ந்து விழுந்து தடுத்தாள். எதிரணிக்குப் போகவிருந்த இரண்டு ஓட்டம் மிச்சம். நான்கு நாளில் முதல்முறையாகப் பந்து அவள் கைக்குள் இருந்தது. பளபளப்பு எந்தப் பக்கம் என்று விரலே சொன்னது. நான்கு வாரப் பழக்கம். எழும்போதே தொடையில் வைத்து மூன்று தேய் தேய்த்தாள். மித்ராவிடம் எறிந்தாள்.

எறிந்த பிறகுதான் மூக்கில் ஏறியது, குளச்சல் வீட்டுக் கட்டிலடியில் இருக்கும் தைலத்தின் வாசனை.

குனிந்து பார்த்தாள். வெள்ளைக் கால்சட்டையில் மங்கலாக ஒரு மஞ்சள் கறை.

நடுவர் பார்க்கவில்லை. கேமரா பார்த்திருக்கலாம், பார்க்காமலும் இருந்திருக்கலாம். மித்ரா தன் இடத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். ஓடத் திரும்பியவள் நின்றாள். பந்தை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு நேராக ஜெசிந்தாவிடம் வந்தாள்.

"அக்கா, கையைக் காட்டுங்க."

காட்டினாள். மித்ரா குனிந்து முகர்ந்தாள்.

"ரீமா காலுக்குத் தேச்சது" என்றாள் ஜெசிந்தா. "தொடையில துடைச்சிருந்தேன். மறந்துட்டேன் மக்ளே. பழக்கத்துல தேச்சுட்டேன்."

"ம்."

"இதைச் சொன்னா பந்தை மாத்துவாங்க. அஞ்சு ஓட்டம் அவங்களுக்கு. இந்தப் பந்து போச்சுன்னா ஆட்டமும் போச்சு."

"ம்."

"நான் சொல்றேன். என் கை."

"ரெண்டு பேரும் போவோம் அக்கா."

நடுவர் ஒரு பெண்மணி. பந்தை வாங்கி முகர்ந்தார். முகம் சுளித்தார். இது யார் செய்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஜெசிந்தா வாயைத் திறந்தாள். அதற்குள் மித்ரா, "பந்து என் பொறுப்பு" என்றாள். "தேச்சது நான்" என்றாள் ஜெசிந்தா. நடுவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இன்னொரு நடுவரைக் கூப்பிட்டார். தேவயானி இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்த்தாள்.

ஐந்து ஓட்டம் போயிற்று. வேறு பந்து வந்தது. அது வளையவில்லை. ஆனாலும் மித்ரா ஒரு விக்கெட்டை எடுத்தாள். கடைசி ஜோடி தட்டித் தடவி ஓட்டத்தைச் சேர்த்துவிட்டது. ஒரே ஒரு விக்கெட்டில் தோல்வி.

ஓய்வறையில் எல்லோரும் சாமான் கட்டினார்கள். ஒருத்தி பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே, "ஆடாதவங்களாலயும் தோக்க முடியும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சது" என்றாள்.

"என் காலுக்குத்தான் தேச்சா" என்றாள் ரீமா. "நாப்பது நிமிஷம். நீ வந்து தேச்சியா?"

ஜிப் நின்றது.

ஜெசிந்தா வெளியே வந்துவிட்டாள். எல்லைக் கயிற்றருகே நான்கு மஞ்சள் மேலங்கிகள் கிடந்தன. உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்தாள். குளிர் நாட்டு வெயிலுக்கு அணையத் தெரியாது. சாயங்காலம் ஏழு மணிக்கும் புல்மேல் கிடந்தது.

மித்ரா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"திட்டவா வந்தே?"

"இல்ல."

"திட்டிரு ஏட்டி. மனசு லேசாகும்."

"உங்களுக்கா, எனக்கா?"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. கடைசி மேலங்கியை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"முப்பத்து மூணு வயசுல இதுக்குத்தான் கப்பலேறினேன் போல. ஒரு டெஸ்ட்ல கால் மணி நேரம் நின்னேன். அதுலயும் பந்தைக் கெடுத்தேன். இனி என் பேரைச் சொன்னா தைலம்தான் ஞாபகம் வரும்."

மித்ரா மடித்த மேலங்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"ஒரு விஷயம் மட்டும் விளங்கல டீச்சர். நடுவர்கிட்ட எதுக்கு உன் பொறுப்புன்னு சொன்னே? பெருந்தன்மையா? எனக்கு அது பிடிக்காது."

"பெருந்தன்மை இல்ல அக்கா."

"பின்னே?"

மித்ரா கயிற்றைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி அதைத் தொட்டாள்.

"அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்க. எந்தப் பக்கம் தேயணும், எந்தப் பக்கம் காயணும்னு முடிவு பண்றது யாருன்னு."

"கேட்டேன். தெரியலன்னே."

"இப்ப தெரியும்."

"யாரு? செலக்டரா, கோச்சா, கேப்டனா? சொல்லு, இன்னைக்கே போய்ச் சண்டை போடறேன்."

"முதல் நாள் காலையில இதே இடத்துல நின்னு பதினோரு கையைப் பார்த்தேன். பன்னெண்டாவதா ஒரு கை நீண்டுச்சு. உங்களுக்கு எதுக்குன்னு கேட்டேன்" என்றாள் குரு. "நான்தான் அக்கா."