நாற்பதாவது குரல்

"ஐயா, ஒரு விடுகதை. கோட்டையில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாற்பது குரல். கண்ணால் எண்ணினால் முப்பத்தொன்பது பேர். அது எப்படி?"

கேட்டவன் சேந்தன். நாற்பது வயது, பழைய படைவீரன். குரு அவனைவிட ஐந்து வயது இளையவர். மதியச் சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்.

"விடை உங்கள் தொண்டையிலேயே நிற்கிறது, சேந்தரே. துப்பிவிடுங்கள்."

"ஒருவன் இரண்டு குரலில் பதில் சொன்னான். அவன் நான்தான்."

குரு உட்கார்ந்தார்.

இருபது வருடங்களுக்கு முன் சேந்தனும் ஆதனும் ஒரே நாளில் படையில் சேர்ந்தார்கள். மலைக்கோட்டையில் இருவருக்கும் ஒரே பாய்.

பொழுது சாய்ந்ததும் படைத்தலைவர் ஓலையைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிடுவார். தலை நிமிர மாட்டார். "உள்ளேன்" என்று குரல் வர வேண்டும். ஒரு குரல் குறைந்தாலும் எல்லோரும் பந்தம் ஏந்தித் தேடப் போக வேண்டும். ஆள் கிடைக்கும்வரை யாருக்கும் சோறு கிடையாது.

ஆதனுக்குக் கோட்டைக்கு வெளியே இருந்த ஓடையில் நீந்துவதென்றால் பைத்தியம்.

"டேய் சேந்தா, நேரமானால் என் பெயருக்கும் நீயே கத்திவிடு. கட்டைக் குரலில் கத்து. உன் கீச்சுக் குரல் என் மானத்தை வாங்கிவிடும்" என்பான்.

சேந்தன் பலமுறை கத்தியிருக்கிறான்.

"அன்றும் கத்தினேன், ஐயா. நாற்பது சரி என்று கதவைச் சாத்தினார்கள். அவன் பள்ளத்தில் கால் ஒடிந்து கிடந்தான். விடிந்துதான் பார்த்தோம். உயிர் போயிருந்தது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது."

"பிறகு?"

"மாலையில் உள்ளே இருந்தவன் காலையில் வெளியே கிடக்கிறான். இரவில் சுவரேறி ஓடப் பார்த்தான் என்று எழுதினார்கள். வீட்டுக்கும் அப்படியே சொல்லி அனுப்பினார்கள்."

"நீங்கள்?"

"சாட்டையடிக்குப் பயந்தேன். வாய் திறக்கவில்லை."

"அன்று கத்தியது நட்புக்காகவா?"



"மற்ற நாளெல்லாம் நட்புக்காக. அன்று வழக்கத்தைவிட நேரமாகியும் அவனைக் காணோம். மனதில் உறுத்தியது. ஆனால் நல்ல பசி."

சேந்தன் கைகூப்பினான்.

"மனம் ஆற ஏதாவது மந்திரம் சொல்லுங்கள், ஐயா."

குரு, சேந்தனுக்குப் போட்டிருந்த இலையை எடுத்துச் சுருட்டி வைத்தார்.

"அவன் ஊர் எவ்வளவு தூரம்?"

"மூன்று நாள் நடை."

"பொழுது போகிறது" என்றார் குரு.

சேந்தன் புறப்பட்டான்.

ஆதனின் தெருவில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் சுவரோரம் நின்றாள்.

"ஓடிப்போனவன் மருமகளே! உன்னைச் சேர்த்தால் நீயும் பாதியில் ஓடிவிடுவாய்!" என்று ஒருத்தி கத்தினாள்.

சிறுமியின் பெயர் பூவை. ஆதனின் தங்கை நங்கைக்கு ஒரே மகள். சேந்தன் விசாரித்தபோது அவள்தான் வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

"வாங்கண்ணே. வெயிலில் வந்திருக்கிறீர்கள், மோர் குடிக்கிறீர்களா?" என்றாள் நங்கை.

"ஆதனைப் பற்றிப் பேச வந்தேன்."

"அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை."

சேந்தன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். பசியையும் சொன்னான்.

நங்கை மோர்ச்செம்பைக் கீழே வைத்தாள்.

"அன்றைக்குச் சாப்பிட்டாயா?"

'அண்ணே' போய்விட்டது.

"சாப்பிட்டேன்."

"எங்கம்மா செத்தபோது தூக்க நாலு பேர் வரவில்லை. தெரியுமா உனக்கு?"

சேந்தனுக்குத் தெரியாது.

"நான் என்ன செய்யட்டும், தாயே? உங்கள் கண்ணில் படாமல் போய்விடட்டுமா? இல்லை, தெருவில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லட்டுமா?"

"என்னைக் கேட்காதே. இந்தத் தெருவில் இனி விளையாட வேண்டியவள் இவள். இவளைக் கேள்."

சேந்தன் குனிந்து சிறுமியிடம் அதையே கேட்டான்.

முதலில் தெருவில் சொல்ல வேண்டும், பிறகு போய்விட வேண்டும் என்றாள் சிறுமி.