கழுவி ஊற்றிய நீர்

மதுரைக்கு வெளியே ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவின் பெயர் பெர்சிஸ். சீடரின் பெயர் தில்லைநாயகம். நரை என்னவோ சீடருக்குத்தான்; குருவைவிட ஒன்பது வயது மூத்தவர். கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்த மனிதர், காலம்போன காலத்தில் முனைவர் பட்டம் வாங்கியே தீருவேன் என்று வந்து சேர்ந்திருந்தார். அவர் குருவை ‘மேடம்’ என்பார். குரு அவரை ‘சார்’ என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் யாரிடம் படிக்கிறார்கள் என்றே புரியாது.

குடல்தான் பெர்சிஸின் வேலை. மனிதக் குடலின் உட்சுவரில் செல்கள் ஒற்றை வரிசையாக, தோளோடு தோள் ஒட்டி நிற்கும். அதே மாதிரி ஒரு வரிசையைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்ப்பார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் வைரஸை அதன்மேல் விட்டுவிட்டு, செல்கள் என்ன செய்கின்றன என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வைரஸ் புகுந்த செல்லை அக்கம்பக்கத்துச் செல்கள் அடியிலிருந்து நெருக்கி, மெல்ல மேலே தூக்கி, வரிசையை விட்டு வெளியேற்றிவிடும். அது போகப்போகவே அது நின்ற இடம் மூடிக்கொள்ளும். போன செல் மேலே, செல்களுக்கு ஊட்டம் தரும் இளஞ்சிவப்பு நீரில் தனியாக மிதந்து, கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும்.

தில்லைநாயகத்துக்கு இந்தக் காட்சி ரொம்பப் பிடித்துப்போனது. நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். காரணம் மாசியில் நடந்த ஒன்று; அது அவரைத் தவிர அங்கே ஒருவருக்கும் தெரியாது.

மாசி மாதத்தில் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட ஏற்பாடு செய்தார்கள். முதலில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டு, தில்லைநாயகத்தை மட்டும் டாக்டர் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“வைரஸ் ஏற்கெனவே உங்க ஈரல்ல இருக்கு. எப்ப வந்துச்சுன்னு சொல்ல முடியாது. பிறக்கும்போதேகூட வந்திருக்கலாம். மருந்து இருக்கு, பயப்படாதீங்க. ஆனா வீட்டுல எல்லாரையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. தொத்து இல்லாதவங்க ஊசி போட்டுக்கிட்டா அவங்களுக்கு வராது.”

தில்லைநாயகம் நல்ல மாணவனைப் போலத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். யாரிடமும் வாய் திறக்கவில்லை. மகளுக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே அந்த ஊசி போட்டாயிற்று. மனைவி சந்தனமாரிக்கு அப்படி ஓர் ஊசி இருப்பதே தெரியாது.

சனிக்கிழமை தவறாமல் வீட்டுக்கு, ராஜபாளையத்துக்கு பஸ் ஏறுகிறவர், போவதை நிறுத்திக்கொண்டார். ஞாயிறு மதியம் போன் வரும்.

“இந்த வாரமும் வரலியா?”

“வேலை கெடக்கு, மாரி.”

“நீங்க ஒருநா வந்துட்டுப் போனா அந்தக் குடலு என்ன ஓடியா போயிரும்?”

அவர் சிரிக்க முயன்றார். வரவில்லை.

“அயிரை மீனு வாங்கலாம்னு இருந்தேன்.”

“நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க.”

“எம்மேல ஏதும் கோவமா?”

“சேச்சே.”

போனை வைத்துவிட்டு, லாட்ஜ் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். கூட உட்கார்ந்து சாப்பிடுவதால் இந்த நோய் ஒட்டாது, ரத்தத்தாலும் உடலுறவாலும்தான் ஒட்டும் என்பது அவர் பாடம் நடத்திய விஷயம். தெரிந்து என்ன செய்ய? “இது எப்படிங்க வந்துச்சு?” என்று மாரி கேட்டுவிட்டால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் பயம். அந்தப் பயத்துக்குத் தியாகம் என்று பெயர் வைத்துக்கொண்டார். ஒதுங்கிப் போனோம், மற்றவர்கள் பிழைத்தார்கள். கிண்ணத்தில் தினமும் நடப்பதும் அதுதானே? ஆனால் பெயர் என்னவாக இருந்தால் என்ன, சோறு இறங்கவில்லை. அப்படி ஒரு தனிமையை அவர் அதுவரை அனுபவித்ததில்லை.

திங்கட்கிழமை பெர்சிஸ் அவர் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“படமெல்லாம் ரொம்பச் சுத்தமா இருக்கே சார்.”

“மெதக்கிறதைக் கழுவி ஊத்திட்டுத்தான் எடுப்பேன் மேடம். குப்பை இருந்தா சரியா தெரியாது.”

“ஓ.”

தில்லைநாயகம் தயங்கினார். பிறகு, ஏதோ போகிறபோக்கில் கேட்பதுபோல் கேட்டார்.

“வைரஸ் வந்த செல் ஒதுங்கிப் போயிடுது. போனதாலதான் மத்தது பிழைக்குது. அவ்வளவுதானே மேடம்?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

பெர்சிஸ் சொல்லவில்லை. “அடுத்த தடவை கழுவுற தண்ணிய ஊத்தாதீங்க. எங்கிட்ட கொண்டாங்க” என்றார்.

கொண்டுவந்து கொடுத்தார். பெர்சிஸ் அதை வடிகட்டி, புறஊதா விளக்கின் கீழ் வைத்து, அதில் இருந்த வைரஸைச் செயலற்றதாக்கினார். பிறகு செல்கள் நிறைந்த இரண்டு புதுக் கிண்ணங்களை எடுத்து வைத்தார். ஒன்றில் அந்த நீரை விடச் சொன்னார். இன்னொன்றில் புது நீர். மறுநாள் இரண்டிலும் வைரஸை விடச் சொன்னார். ஏன் எதற்கு என்று ஒரு பேச்சு கிடையாது.

இன்னும் ஒருநாள் போனது. தில்லைநாயகம் நுண்ணோக்கியில் குனிந்தார். புது நீர் விட்ட கிண்ணத்தில் வரிசை கந்தலாகிக் கிடந்தது. மற்றதில் செல்கள் நெருக்கமாக, அப்படியே நின்றன. கிண்ணத்தை மாற்றிவிட்டோமோ என்று எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“ரெண்டுக்கும் ஒரே வைரஸ்தானே மேடம்?”

“விட்டது நீங்கதானே.”

“அப்ப இது மட்டும் எப்படி நிக்குது?”

“குப்பைன்னு ஊத்திக்கிட்டிருந்தீங்களே, அந்தத் தண்ணியாலதான்.”

அவருக்குப் புரிந்தது. வைரஸ் புகுந்த செல் இன்டர்ஃபெரான் என்று ஒன்றைச் சுரக்கும். அது பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தும். கரும்பலகையில் படம் வரைந்து எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறார். பரீட்சைக்கு வரும் என்று கோடு போடவும் சொல்லியிருக்கிறார்.

“இதை அது எப்ப சொல்லுது மேடம்? வெளிய வந்தப்புறமா?”

“வரிசையில நிக்கிறப்பவே ஆரம்பிச்சிடுது. வைரஸ் உள்ள வந்தது தெரிஞ்ச உடனே.”

“சொன்னா பக்கத்துல இருக்கிறதெல்லாம் என்ன நினைக்கும்?”

கேட்ட பிறகுதான் கேள்வி செல்லைப் பற்றியது அல்ல என்று அவருக்கே உறைத்தது. பெர்சிஸுக்கும் உறைத்திருக்க வேண்டும். அவர் கையுறைகளைக் கழற்றிக் கூடையில் போட்டார்.

“அதெல்லாம் தெரியாது சார். தயாராகிடும். அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்.”

“சொன்னாலும், அது தனியாத்தானே போகுது?”

“தனியாத்தான் போகுது.”

அதை ஆறுதலாக்கிச் சொல்ல பெர்சிஸ் முயலவில்லை. தில்லைநாயகம் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தார்.

“எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கு மேடம்.”

பெர்சிஸ் நாற்காலியைப் பின்னால் நகர்த்தவில்லை. அதை தில்லைநாயகம் கவனித்தார். கண் கலங்கிவிட்டது.

“எப்ப தெரிஞ்சுது?”

“மாசியில.”

அப்போது ஆனி பிறந்திருந்தது.

“வீட்டுக்கு எப்ப போனீங்க?”

“அதிலேர்ந்து போகல. நம்மால அவங்களுக்கு எதுக்குன்னு… ஒதுங்கியே இருந்துட்டேன்.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்.”

சொன்னதும் அவருக்கு மூச்சு லேசானது. இத்தனை மாதமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்ததை இறக்கிவிட்ட நிம்மதியோடு, குரு ஏதாவது நல்ல வார்த்தை சொல்லுவார் என்று முகத்தைப் பார்த்தார்.

பெர்சிஸ் சொன்னார்:

“நான் ஊசி போட்டுக்கிட்டவ சார். உங்க வீட்டுல?”