முதுகெலும்பில் ஓர் இடுப்பு

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பவில்லை. சொன்னவர் செபஸ்தியான், எங்கள் கல்லூரியில் நிலவியல் ஆசிரியர். பொய் சொல்கிறவர் இல்லை. அதுதான் என் தொல்லை.

நாற்பது வயதில் அவர் முனைவர் பட்டத்துக்காகப் பேராசிரியர் மரகதவல்லியிடம் சேர்ந்தார். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது பாறைக்குள் கிடைத்த ஒரு பல்லியின் புதைபடிவம். இருந்ததே ஒரு தாடையும் முதுகெலும்பின் ஒரு கணுவும்தான். அது உடும்புக் குடும்பம் என்பது அவருடைய ஆய்வேட்டின் முடிவு. அரணை என்று ஆகிவிட்டால் எழுதியது அத்தனையும் வீண்.

சமர்ப்பிக்க வேண்டிய வாரத்தில் மறுபடி போய் நின்றார்.

“மேடம், தாடையைப் பார்த்தா அரணை. பல்லெல்லாம் மொட்டையா, நெருக்கமா இருக்கு. முதுகெலும்பைப் பார்த்தா உடும்பு. எதை நம்பறது?”

“போன மாசமும் இதையேதான் கேட்டீங்க.”

“நீங்க பதில் சொல்லல மேடம்.”

“அதுக்கு முந்தின மாசமும் சொல்லல. சரி, முதுகெலும்புல என்ன பார்த்தீங்க?”

“முனையில குமிழ் இருக்கு. அதுக்கு முன்னாடி இடுப்பு மாதிரி ஒடுங்குது. அரணைக்கு அப்படி ஒடுங்காது. எத்தனையோ தடவை அளந்துட்டேன்.”

“உங்களுக்கு அலுக்கவே அலுக்காதாய்யா?”

மரகதவல்லி அசிட்டோன் புட்டியைத் திறந்து, பஞ்சை நனைத்து நீட்டினார்.

“துடைங்க.”

“ஐயோ மேடம், எலும்பு!”

“எலும்பா இருந்தா ஒண்ணும் ஆகாது. துடைங்க.”

துடைத்தார். பஞ்சு பழுப்பானது. குமிழும் இடுப்பும் கூழாகி விரலோடு வந்தன. அடியில் எலும்பு முறிந்து நின்றது.

புதைபடிவம் ஆய்வகத்துக்கு வந்தபோதே அந்த முனை இல்லை. பசையில் பாறைத்தூளைக் குழைத்து முனையை உருவாக்கியவர் செபஸ்தியான்தான். உடும்பு என்று நினைத்ததால் உடும்புக்கு இருப்பதுபோலவே உருவாக்கினார். பின்னால் வருகிறவர் ஏமாறாமல் இருக்க, நிரப்பும் பசை எலும்பைவிட வெளுப்பாக இருக்கவேண்டும் என்பது அந்த ஆய்வகத்தின் வழக்கம். பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று இவர் எலும்பின் நிறத்திலேயே கலந்துவிட்டார். பிறகு அதை மறந்தே போனதாகச் சொல்வார்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்!”

“பல்லியைப் பத்திக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க இத்தனை நாளும் உங்களைத்தானே அளந்துகிட்டு இருந்தீங்க?”

செபஸ்தியான் எப்போதும் இந்த இடத்தில் கதையை நிறுத்துவார். அப்புறம் அரணை என்றே எழுதி, தாமதமாகப் பட்டம் வாங்கினார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். வீட்டுக்குப் போனபின் எரிச்சலாக வரும், அவர்மேலா என்மேலா என்று தெரியாது.

போன வாரம் கேன்டீனில் மறுபடி சொன்னார். மற்றவர்கள் எழுந்து போனபிறகு கேட்டேன்.

“அசிட்டோன் எலும்பை ஒண்ணும் பண்ணாது, பசையைத்தான் கரைக்கும்னு உங்களுக்கு அப்பவே தெரியும், செபஸ்தி. அப்புறம் எதுக்கு ஐயோன்னு கத்தினீங்க?”