உப்பை மறந்து வந்தவர்கள்

முன்பு, வெகு முன்பு, குளம் வற்றினால் ஊருக்கே ஓய்வு என்றிருந்த காலத்தில், ஆவாரங்குளம் என்றோர் ஊர் இருந்தது. அங்கே வடிவாம்பாள் என்றொரு வணிகன் மனைவி இருந்தாள். கணவன் கடல் தாண்டிப் போயிருந்தான். வீட்டில் நெல் இருந்தது, நெய் இருந்தது, வெள்ளிச் சொம்பு இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. ஊரில் எல்லோரும் அவளை "அம்மா" என்றார்கள். சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்கள்.

கோடையில் வெள்ளிக்கிழமைதோறும் குளக்கரைப் புங்கமரத்தடியில் பெண்கள் கூடுவார்கள். பெண்கள் நாலு பேர் கூடினால் வம்புதான் என்று முணுமுணுக்கிறவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். ஆண்கள் நாலு பேர் கூடினால் அதற்குச் சபை என்று பெயர் வைக்கத் தெரிந்ததே, இதற்கும் ஒரு நல்ல பெயர் வைக்க யார் தடுத்தார்கள்? அது கிடக்கட்டும்.

அங்கே எழும் சிரிப்பு வடிவாம்பாள் வீட்டு முற்றம்வரை வரும். அப்படி என்னதான் இருக்கிறது அங்கே? முதல் மழை விழுந்தால் எல்லோரும் வயலுக்குப் போய்விடுவார்கள். அப்புறம் அடுத்த கோடைதான். அதற்குள் அந்த வட்டத்தில் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்று தவித்தாள்.

முதல் வெள்ளி, தேனில் ஊறிய பலாச்சுளையை வெள்ளிக் கிண்ணத்தில் கொண்டுபோனாள். "நல்லா இருக்கும்மா" என்று ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, இரண்டடி தள்ளி உட்கார்ந்தார்கள்.

இரண்டாம் வெள்ளி, சுளையோடு பாய், விசிறி, பானகம், கை துடைக்கத் துணி என எல்லாம் கொண்டுபோனாள். "எதுக்கும்மா உங்களுக்குச் சிரமம்?" என்றார்கள். மூன்றடி தள்ளி உட்கார்ந்தார்கள்.

ஆனால் வடிவாம்பாளுக்குக் கண் இருந்ததே! பார்த்தாள். பேச்சி கம்பங்கூழ் கொண்டுவந்திருந்தாள், உப்பு இல்லை. இருளாயி நுங்குக் குலை கொண்டுவந்திருந்தாள், அருவாள் இல்லை. மருதாயி உப்பும் அருவாளும் கொண்டுவந்திருந்தாள், தின்ன ஒன்றும் இல்லை.

"உப்பைக் கொடுடி, மருதாயி."

"ஏன், உன் வீட்டுல உப்புக்குப் பஞ்சமா?"

"மறந்துட்டேன்டி."

"போன வாரமும் மறந்தே. புருஷன் மூஞ்சியாவது ஞாபகம் இருக்கா?"

"அதை மறக்கத்தானே இங்க வர்றேன்!"

ஓர் ஊரே சேர்ந்து இப்படியா மறக்கும்? வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

மூன்றாம் வெள்ளி வானம் கறுத்திருந்தது. வடிவாம்பாள் வாசலில் நின்று பார்த்தாள். கூழ்ப்பானையோடு போன பேச்சி, நடுவழியில் நின்று மடியைத் தடவினாள். "அய்யய்யோ, உப்பு வந்துடுச்சே!" என்று முடிச்சை அவிழ்த்து, அங்கே நின்ற ஆட்டுக்கு அத்தனையையும் நக்கக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

வடிவாம்பாளுக்குச் சுரீர் என்றது. குறையோடு போனால் கேட்க வேண்டிவரும். கேட்டால் பேச்சு வரும். பேச்சு வந்தால் கேலி வரும். எல்லாம் நிறைந்த கையோடு போனவளிடம் யார் என்ன பேசுவார்கள்? அவள்தான் யாரிடம் என்ன கேட்டாள்?

உள்ளே ஓடி, கூடத்தில் கிடந்த முழுப் பலாப்பழத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு புங்கமரத்தடிக்கு வந்தாள். அருவாள் எடுக்கவில்லை. கையில் தடவ எண்ணெயும் எடுக்கவில்லை.

"அருவா இருக்கா, மருதாயி?"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மருதாயி அருவாளை நீட்டினாள். வடிவாம்பாள் பழத்தைப் பிளந்தாள். பிசின் விரலில் ஒட்டியது, விரல் சேலையில் ஒட்டியது, சேலை பழத்தில் ஒட்டியது.

"யாருகிட்டயாவது எண்ணெய் இருக்கா?"

இருளாயி இடுப்பில் கை வைத்தாள். "பலாப்பழம் வெட்ட வர்றவங்க எண்ணெய் இல்லாமலா வருவாங்க?"

"மறந்துட்டேன்."

இருளாயி அவளை உற்றுப் பார்த்தாள். உதடு துடித்தது. அடக்க முடியவில்லை.

"மறந்துட்டியாடி, வடிவு?"

புங்கமரமே குலுங்கும்படி ஒரு சிரிப்பு. பேச்சி தன் தலையில் வழிந்த எண்ணெயை வழித்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் விரல்களில் தேய்த்துவிட்டாள். முதல் தூறல் விழுந்தது. பழம் தீரும்வரை ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

ஆகவே கேட்டவர்களே, கொடுக்க மட்டும் தெரிந்த கைக்கு மரியாதைதான் கிடைக்கும், கேட்கவும் தெரிந்த கைக்கே நட்பு கிடைக்கும்.