பாறைக்குக் கீழே நின்ற பூரணி

புள்ளிமான் பூரணிக்கு மூன்று கால்கள்தான். நாலாவது கால் வேடன் வைத்த கண்ணியில் போய்விட்டது. அதனால் என்ன? தத்தித் தத்தி நடந்து தினமும் சாயங்காலம் குளத்துக்குப் போய்விடுவாள். காட்டிலுள்ள எல்லாரும் கூடிக் கதை பேசுவது அங்கேதான்.

ஒரு பெருமழையில் பாதையின் குறுக்கே மருதமரம் ஒன்று சாய்ந்தது. மற்றவர்கள் ஒரே தாவில் தாண்டினார்கள். பூரணியால் முடியவில்லை. பள்ளத்துச் சேற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் புதரில் தனியே படுத்துக்கொண்டாள். குளக்கரைச் சிரிப்பு அங்கே வரைக்கும் கேட்டது.

சிங்கராஜாவின் சபை பாறை உச்சியில்தான் கூடும். குறை இருந்தால் மேலே ஏறிப்போய்ச் சொல்ல வேண்டும். அது காட்டு வழக்கம்.

"நீ எதுக்கு அலையணும்? நான் பேசிட்டு வர்றேன்!" என்று கிளம்பியது குரங்கு. என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டதா? இல்லவே இல்லை!

"ராஜா, பாவம் பூரணி! தாகத்தில் தவிக்கிறாள்!" என்றது.

"தினமும் சுரைக்குடுவையில் தண்ணீர் போகட்டும்!" என்றது சிங்கம். சபையே ஆரவாரம் செய்தது. குரங்குக்குத் தலைகால் புரியவில்லை.

தண்ணீர் வந்தது. கீரி குடுவையை வைத்துவிட்டு ஓடியே போய்விடும். முன்பெல்லாம் அவளை எட்டிப் பார்த்தவர்களும் நின்றுவிட்டார்கள். "அதான் தண்ணி போகுதே, அவளுக்கு என்ன குறை?" கேட்டீர்களா அநியாயத்தை! இப்படியே ஆறு மாதம் போனது. பூரணி தன் குரலையே மறந்துவிடுவாள் போலிருந்தது.

ஒருநாள் முள்ளம்பன்றி வந்தது. "பூரணி, உனக்கு என்னதான் வேணும்?"

அவள் அழுதுவிட்டாள். "இதை இதுவரைக்கும் யாருமே கேட்கலையே!" அழுது முடித்து, தனக்கு வேண்டியதைச் சொன்னாள்.

"இதை நீயே ராஜாகிட்ட சொல்லு. நான் கூட வர்றேன்," என்றது முள்ளம்பன்றி.

இருவரும் பாறையடிக்கு வந்தார்கள். முள்ளம்பன்றி மட்டும் மேலே ஏறி, பூரணிக்கு ஒரு குறை இருக்கிறது என்றது.

"அவளுக்கு என்ன வேண்டுமாம்?" என்றது சிங்கம்.

"எனக்குத் தெரியும். ஆனால் நான் சொல்ல மாட்டேன், ராஜா! அவள் கீழே நிற்கிறாள். அவளையே கேளுங்கள்."

"என் தாத்தா காலத்திலிருந்து சபை இங்கேதான்!" என்று சிங்கம் கர்ஜித்தது.

அப்போது கீழேயிருந்து யானையின் குரல் வந்தது. "நானும் ஒருநாள்கூட ஏறியதில்லை, ராஜா! என்னையும் யாரும் கேட்டதில்லை!"

சிங்கத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. இறங்கி வந்தது.

பூரணி தத்தித் தத்தி முன்னால் வந்தாள். தானே சொன்னாள். "தாகம் தீர்ந்தது, ராஜா. பேசத்தான் ஆளில்லை. எனக்குக் குடுவை வேண்டாம். அந்த மரத்தை அகற்றுங்கள். நானே குளத்துக்குப் போவேன்."

"இவ்வளவுதானா! தினமும் தாண்டிப் போகிறேன், எனக்குத் தோன்றவே இல்லையே!" என்று யானை போய் ஒரே தள்ளாகத் தள்ளியது.

அன்று சாயங்காலம் பூரணி குளக்கரையில் நின்றாள். அவள் வராத நாட்களில் பிறந்து வளர்ந்த குட்டிகள், "யார் இது?" என்று கேட்டன.

"நான் பூரணி. பக்கத்துப் புதரில்தான் இருந்தேன்," என்றாள்.

குரங்கு தலை குனிந்துகொண்டது.

ஒருவருக்காக நாம் பேசுவதைவிட, அவரே பேச வழிவிட்டு, இறங்கி வந்து கேட்பதுதான் உதவி.